ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு இருதயங்கள்

இருதயத்தில் இரண்டு இடத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்னபோது வைத்திக்குப்பம் கன்னியம்மாளுக்குப் பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. ரிப்போர்ட்டை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த தன் இரட்டைச் சகோதரி செல்வாம்பாளைக் கையால் காட்டி, "இவளுதா இருக்கும், நல்லா பாரும்மா" என்றாள்.

அவள் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. இருவருக்கும் வயது ஐம்பத்தெட்டு. கன்னியம்மாள் விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முத்தியால்பேட்டை வரைக்கும் தெருத்தெருவாக நடந்து விற்கிறவள். உடம்பில் ஒரு பிடி சதை கிடையாது. வெற்றிலை பாக்குகூடப் போடமாட்டாள். செல்வாம்பாளோ மூலக்குளத்தில் சொந்த வீட்டில், டிவிக்கு எதிரே சோபாவிலேயே குடித்தனம் நடத்துகிறவள். அவள் வெண்ணெய் தடவினால் கீழே ரொட்டி இருப்பது தெரியாது. போதாக்குறைக்குச் சர்க்கரை வியாதி வேறு. இரட்டை என்பதால் அவளையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எல்லாச் சோதனையும் எடுக்கச் சொன்னார். அவள் இருதயத்தில் ஒரு குறையும் இல்லை.

"நடக்கிறவளுக்கு அடைப்பு, உக்காந்து துன்றவளுக்கு ஒண்ணும் இல்லியா? இது இன்னாம்மா நியாயம்?"

டாக்டர் சிவசங்கரிக்குக் கன்னியம்மாளின் மகள் வயதுதான் இருக்கும். பதில் சொல்வார் என்று பார்த்தால் அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். சின்ன வயதில் எந்த ஊர், அப்பா என்ன தொழில், வீடு கூரையா மாடியா, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு. வீட்டில் கக்கூஸ் இருந்ததா என்றுகூடக் கேட்டார். நெஞ்சு வலிக்கும் கக்கூஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கன்னியம்மாளுக்குப் புரியவில்லை. இருந்தாலும் படித்த பெண் கேட்கிறாளே என்று சொன்னாள்.

கனகசெட்டிக்குளம். அப்பாவுக்குக் கட்டுமரத் தொழில். கூரை வீடு, ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே புகை. அப்பா கடலுக்குப் போனால் சோறு. ஐப்பசி, கார்த்திகையில் கட்டுமரம் கடலில் இறங்காது. அப்போது ஆறு பேருக்கு ஒரு பானைக் கஞ்சி, அதிலும் தண்ணீர்தான் முக்கால்வாசி. எட்டு வயதில் தலையில் கூடை.

"நீங்க?" என்று டாக்டர் செல்வாம்பாள் பக்கம் திரும்பினார்.

செல்வாம்பாள் தயங்கினாள். அவளுக்காகக் கன்னியம்மாளே முந்திக்கொண்டாள். "அவளுக்கு இன்னா, அவ சொல்தா வூட்டுப் பொண்ணு. மூணு மாசக் கொழந்தையிலியே பெரியம்மாக்குக் குடுத்துட்டாங்க. என்னத்தான் எங்கம்மா வுடல."

இந்த ஒரு வரியைக் கன்னியம்மாள் வாழ்நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. பெரியம்மாவின் புருஷன் புருஷோத்தமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படிப்பட்டவர்களைப் பாண்டிச்சேரியில் சொல்தா என்பார்கள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் செல்வாம்பாள் பால் குடித்து, முட்டை தின்று, கவுன் போட்டுக்கொண்டு கான்வென்ட்டுக்குப் போனாள். பெற்றவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டாள். அந்தக் கவுனையும் செருப்பையும் பார்த்துக் கன்னியம்மாளுக்கு வயிறு எரிந்ததுண்டு. எரிகிறபோதெல்லாம் அந்த வரியைத் தடவிக்கொள்வாள். ரெண்டு பிள்ளையில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்றபோது அம்மா கொடுத்தது அவளை, வைத்துக்கொண்டது என்னை. சண்டையில் சொன்னாள், கல்யாணத்தில் சொன்னாள், கடைசியில் அம்மாவின் சாவு வீட்டில், நூறு பேருக்கு நடுவே, செல்வாம்பாள் காது கேட்கவே சொன்னாள். கல் நெஞ்சுக்காரியா என்றால் இல்லை. அவளிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

"பொறந்தப்ப எடை எவ்வளவு இருந்தீங்கன்னு தெரியுமாம்மா?" என்றார் டாக்டர்.

கன்னியம்மாள் சிரித்துவிட்டாள். "வூட்ல பொறந்தவங்கள யாரும்மா எடை போட்டுப் பாத்தாங்க?"

"ஏன் கேக்கறேன்னா, வயித்துல இருக்கும்போதும் அப்புறம் வளர்ற வயசுலயும் சாப்பாடு பத்தலன்னா, இருதயமும் ரத்தக்குழாயும் கிடைச்சத வெச்சி வளர்ந்துடும். அந்தக் குறை இந்த வயசுல தெரியலாம். எல்லாருக்கும் வரும்னு இல்ல. உங்களுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

கன்னியம்மாளுக்கு இது புதுசு. தின்றது அடைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். "அம்பது வருஷத்துக்கு முந்தி துன்னாத சோறு இப்ப வந்து நெஞ்ச அடைக்குதா?" என்று கேட்டாள். கேட்டபிறகு அவளுக்கு இன்னொன்று உறைத்தது. அப்படியென்றால் அம்மா தன்னை வைத்துக்கொண்டது இதற்குத்தானா? வைத்துக்கொண்ட பிள்ளைக்கு அடைப்பு, கொடுத்த பிள்ளைக்கு ஆரோக்கியம். இதில் எது பாசம், எது வஞ்சனை? அவளால் ஒரு பக்கமாக நினைக்க முடியவில்லை.

அப்போதுதான் செல்வாம்பாள், யாரையும் பார்க்காமல், "எடை போட்டாங்க டாக்டர்" என்றாள். "பொறந்தப்ப இல்ல, மூணாம் மாசம். எங்கப்பா, அதான் பெரியப்பா, பட்டாளத்து ஆளு, எதுவா இருந்தாலும் அளந்து பாத்துதான் செய்வார். மீன் நிறுக்குற தராசுலயே ரெண்டு பேரையும் வெச்சிப் பாத்தாராம். நான் நாலே முக்கால் கிலோ. இவ மூணுகூட இல்ல."

"உனக்கு யாரு சொன்னது?" என்றாள் கன்னியம்மாள்.

"பெரியம்மாதான். முடியாம படுத்திருந்தப்ப."

"எதுக்கு நிறுத்தாங்க?"

செல்வாம்பாள் முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "வுடுடி, இப்ப எதுக்கு."

"சொல்லு."

"சின்னம்மா உன்னத்தான் எடுத்தாந்து பெரியம்மா மடியில போட்டாங்களாம். இத எடுத்துக்கோ, உன் வூட்டுப் பால் குடிச்சாதான் இது பொழைக்கும், தடிச்சது எங்கிட்ட எப்பிடியும் பொழைச்சிக்கும்னு அழுதாங்களாம். பெரியம்மாக்கு பயம். கைல செத்துப் போச்சின்னா யாரு பதில் சொல்றதுன்னு. அதான் நிறுத்துப் பாத்து என்ன தூக்கினு வந்துட்டாங்க."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். அவருக்கும் அந்தப் படிவத்தில் இதை எங்கே எழுதுவது என்று தெரிந்திருக்காது.

கன்னியம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அம்மா தன்னைத்தான் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். பிழைக்க வேண்டும் என்று கொடுக்கப் பார்த்திருக்கிறாள். அப்படியானால் தன்மேல்தான் பாசம். ஆனால் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது செல்வாம்பாளை. அப்படியானால் அவள்மேல்தான் பாசம். எப்படிப் புரட்டினாலும் பாதிதான் கையில் நின்றது. பெருமையாகச் சொல்லித் திரிந்ததெல்லாம் யாரும் எடுத்துக்கொள்ளாமல் தான் மிச்சமாகிப்போன கதை என்று நினைத்ததும் அழுகை வந்தது. மெலிந்த பிள்ளையை மடியில் போட்டுக் கெஞ்சிய அம்மாவை நினைத்து அழுகிறாளா, தன்னை நினைத்து அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப உன்ன வெச்சிக்கத்தான் அம்மாக்கு ஆசையா?" என்றாள்.

"எனக்கும் தெரியலடி. நானும் முப்பது வருஷமா யோசிக்கிறேன்."

"முப்பது வருஷமா தெரியுமா? சாவு வூட்ல நான் அத்தினி பேர் முன்னாடி உன்ன அப்பிடிப் பேசினேன். ஒரு வார்த்த திருப்பிச் சொல்லி என் வாய அடைச்சிருக்கலாம் இல்ல?"

செல்வாம்பாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டா அப்பறம் உங்கிட்ட இன்னாடி இருக்குது?"