ரெக்கார்டு மாப்பிள்ளை

என் கல்யாணமே ஒரு வார்த்தையில் ஏமாந்த கதை. பையன் ரெக்கார்டு வேலை பார்க்கிறார் என்று தரகர் சொன்னார். ரெக்கார்டு என்றால் என் அப்பாவுக்குத் தெரிந்தது அலுவலகங்களில் கோப்புகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும் அறைதான். உட்கார்ந்து செய்கிற வேலை, ஓய்வூதியம் உண்டு என்று மீதியை அவராகவே சேர்த்துக்கொண்டார். நானும் நம்பித்தான் கழுத்தை நீட்டினேன்.

புகுந்த வீட்டில் பின்னறைக் கதவைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி அறையில் கட்டில். மீதிப் பாதியில் இரண்டு கேசட் பெட்டிகள், பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டுத் திருகுகள் பொருத்திய ஏதோ ஒன்று, பழைய அலமாரிக் கதவுகளை அறுத்துச் செய்த ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு. தலையணைக்கு அடியில்கூட ஒயர் ஓடியது.

"இதெல்லாம் என்னங்க?"

"இதுதான் என் வேலை. விருந்து, வரவேற்பு, காலேஜ் விழா எல்லாத்துலயும் பாட்டு போடுவேன். ஒரு பாட்டு முடியிறதே தெரியாம அடுத்த பாட்டை உள்ள கொண்டு வரணும். டிஜேன்னு சொல்வாங்க."

"அப்ப ரெக்கார்டு?"

"அதை வாங்கத்தான் ரெண்டு வருஷமா அலையுறேன்" என்றார், வெட்கப்பட்டுக்கொண்டு.

சேதி கேட்டு அப்பா அன்று தரகரைத் தேடிக் கிளம்பினார். எங்கள் வீட்டில் என் கணவருக்கு ரெக்கார்டு மாப்பிள்ளை என்ற பெயர் அன்றே விழுந்தது. இன்றுவரை அது மாறவில்லை.

மகள் பிறந்து ஓடியாடத் தொடங்கிய பிறகு, ரெக்கார்டும் ஒருநாள் வந்துவிட்டது. சுற்றுகிற தட்டு இரண்டு, பெட்டி பெட்டியாகக் கறுப்பு இசைத்தட்டுகள். அன்று என் சமையலறையிலிருந்த கல்பலகை காணாமல் போனது. வீடெல்லாம் தேடினால், அது அவருடைய தட்டுகளுக்கு அடியில் சவாசனம் செய்துகொண்டிருக்கிறது. தரை அதிர்ந்தால் ஊசி குதிக்குமாம், கனமான கல் இருந்தால் குதிக்காதாம். அந்தக் கல்லுக்கு அடியில் பார்த்தேன். மகளின் புதுப் பந்து, பாதி பாதியாக அறுபட்டு நாலு மூலைக்கும் முட்டுக் கொடுத்திருந்தது. குழந்தை அழுத அழுகை தெரு முனை வரை கேட்டது. ஊசி மட்டும் குதிக்கவில்லை.

அவர் வேலை செய்வதை அப்போதெல்லாம் வாசலில் நின்று பார்ப்பேன். ஹெட்ஃபோனை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். வலது காது வெளியே ஸ்பீக்கரில் ஓடும் பாட்டில் இருக்கும். "ஒரு காது ஓடுற பாட்டுக்கு, இன்னொரு காது வரப்போற பாட்டுக்கு. ரெண்டும் வேற வேற வேலை பாக்கணும், அதான் தொழிலே" என்பார். மேசை ஜன்னலைப் பார்த்து இருந்தது. இடது கைப்பக்கம் சமையலறை, நடுவில் கதவில்லாத வாசல். அங்கிருந்து நான் போடும் சத்தமும் சேர்ந்துதான் அந்த இடது காதில் விழுந்தாக வேண்டும்.

பிறகு சிடி வந்தது. என் கல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. சிடி போய் லேப்டாப்பும், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பெட்டியும் வந்தன. ஆளுயர ஸ்பீக்கர்கள் இருந்த இடத்தில் முழங்கை உயரத்துக்கு இரண்டு. இத்தனை வருஷம் என் வீட்டை அடைத்துக்கொண்டிருந்தது கடைசியில் ஒரு பையில் அடங்கியது. இனி நிம்மதி என்று நினைத்தேன். என் நினைப்பில் மண் விழுந்தது.

ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்தால் மேசை எதிர்ச் சுவருக்குப் போயிருக்கிறது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சமையலறை வலப்பக்கம் வரும்படி உட்கார்ந்திருக்கிறார். அதற்காக என் அலமாரியை நகர்த்தியதில் அதன் கதவு பாதிதான் திறந்தது. புடவையைப் பக்கவாட்டில் கையை விட்டு உருவ வேண்டியிருந்தது.

"காத்து, வெளிச்சம் எல்லாத்தையும் விட்டுட்டு சுவத்தைப் பாத்து உக்காந்தா என்னங்க அர்த்தம்?"

"இப்படி இருந்தா சவுண்டு நல்லா இருக்கு."

அடுத்து, தாழ்ந்த சத்தத்துக்கென்றே ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. அதன் மேல் பலகை போட்டு, வெறுங்காலோடு ஏறி நின்றுகொண்டார். மேசைக்கும் கால் உயர்த்தினார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "அக்கா, என் கத்தரிக்கோல் மேசையில தானா நடக்குதுக்கா!" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவரோ லேப்டாப் திரையில் மேலும் கீழும் ஓடும் கோடுகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பாட்டைக் கண்ணாலயே கேக்குற முதல் ஆளு நீங்கதான்" என்று கேலி செய்தேன். ஒரு விநாடி அவர் முகம் வெளுத்தது. அதை நான் அப்போது கோபம் என்று நினைத்தேன்.

நான் எவ்வளவு கத்தினாலும் எதிர்த்துப் பேச மாட்டார். "இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுற மனுஷன்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். தெருவில் போகும்போது மட்டும் ஒரு கோணல் புத்தி. எப்போதும் சுற்றி வந்து என் இடப்பக்கமே நடப்பார். வண்டிகள் என்னை உரசிக்கொண்டு போனாலும் பக்கம் மாற மாட்டார். அதற்கும் திட்டு வாங்குவார்.

போன மாதம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "வரவேற்புல வேற யாரும் வேண்டாம். அப்பாதான் பாட்டு போடணும்." அவர் சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து பின்னறையில் ஒத்திகை நடந்தது.

ஒரு காலை வேளையில் அந்த அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பான் மாட்டி இடது ஸ்பீக்கரின் ஒயர் பிடுங்கிக்கொண்டது. பாதிப் பாட்டு பட்டென்று செத்துப்போனது. எனக்கு உயிரே போய்விட்டது. இந்த வீட்டில் எதை உடைத்தாலும் மன்னிப்பு உண்டு, ஒயரைத் தொட்டால் கிடையாது. இதோ குதிக்கப் போகிறார் என்று துடைப்பானோடு நின்றேன்.

அவர் குதிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அது அவருக்குத் தெரியவே இல்லை.

மேசை மேல் கிடந்த ஹெட்ஃபோன் கண்ணில் பட்டது. வலது பக்கப் பஞ்சு நைந்து கிழிந்திருந்தது. இடது பக்கம் கடையில் வாங்கியது போலப் புதிதாக இருந்தது. அவருடைய இடது தோளை ஒட்டி நின்று, "என்னங்க, அடுப்பு பத்திக்கிச்சு" என்றேன். அசையவில்லை. "உங்க வழுக்கையில ஒரு ரெக்கார்டு வெச்சு சுத்தலாம்" என்றேன். அசையவில்லை. சுற்றிப்போய் வலப்பக்கம் நின்று, பாதிக் குரலில், "டீ வேணுமா?" என்றேன்.

"குடு" என்று திரும்பினார்.

துடைப்பான் கையிலிருந்து விழுந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிடுங்கிக் கிடந்த ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாட்டை நிறுத்தினார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"மேசையைத் திருப்பினேனே, அப்பத்துலேர்ந்து."

"டாக்டர்கிட்ட?"

"போனேன். இந்தப் பக்கம் இனிமே வராதுன்னுட்டார். வெளிய தெரிஞ்சா எவன் கூப்பிடுவான்? காது போன டிஜே. சொல்லும்போதே சிரிப்பு வருது பாரு." அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "பாட்டு திரையில ஓடுது, கால்ல அதிருது, சமாளிச்சிடலாம்னு பாத்தேன். ஆனா அத்தனை பேர் முன்னாடி என் பொண்ணைத் தலைகுனிய வெச்சிட்டா? அவகிட்ட நீயே சொல்லிடு, வேற ஆளைப் போட்டுக்கட்டும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரே கட்டிலில் படுத்து எழுந்த மனுஷனின் ஒரு பக்கமே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அழுகை வந்தால் நான் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன், கத்தினேன்.

"இருக்கிறது ஒரு நல்ல காது! அதை ஸ்பீக்கர் பக்கம் வெச்சாலாவது அர்த்தம் இருக்கு. கரண்டி சத்தமும் குக்கர் சத்தமும் வர்ற பக்கமா திருப்பி வெப்பாங்க?"

அவர் கால் பலகையிலிருந்து இறங்கினார்.

"பாட்டுதான் கண்ணுல தெரியுதே. நீ கூப்பிட்டா எதுல தெரியும்?"

பாதி திறக்கும் அலமாரி, போன ஜன்னல் வெளிச்சம், தெருவில் என் இடப்பக்கமே நடந்தது, எல்லாம் எதற்கு என்று இப்போதுதான் விளங்கியது. எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டேன், "அப்ப நான் திட்டினதெல்லாம்?"

"ஒண்ணு விடாம கேட்டுச்சு. விடுறதுக்குத்தான் அந்தக் காது இல்லையே."

மகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வேறு ஆளையும் போடவில்லை. வரவேற்பு மண்டபத்தில் மேசை போட்டதும், கறுப்புப் பெட்டியையும் பலகையையும் அவர் காலடிக்கு நானே தள்ளிக் கொடுத்தேன். அவருக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டேன். பெண்ணின் அம்மா மேடையில் நிற்காமல் பாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகளும் மருமகனும் ஆடத் தொடங்கினார்கள், கூட்டமும் இறங்கிவிட்டது. எவனோ ஆடிய ஆட்டத்தில் ஒயரில் கால் மாட்டி, மண்டபத்தின் இடது பக்க ஸ்பீக்கர் செத்துப்போனது. அந்தப் பக்கம் ஆடியவர்கள் தயங்கி நின்றார்கள். மகளின் கண் அப்பாவைத் தேடியது. இவர் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு எழுந்து ஓடக்கூடத் தோன்றவில்லை. வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில், "என்னங்க" என்றேன்.

சட்டென்று திரும்பினார். நான் கை காட்டிய பக்கம் பார்த்தார். மறு நிமிடம் ஒயர் மாட்டியாகிவிட்டது, கூட்டம் ஓவென்று கத்தியது, மகள் சிரித்தாள்.

பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"இந்த இரைச்சல்ல நீங்க கூப்பிட்டது அவருக்கு எப்படிங்க கேட்டுச்சு?"

"அந்தக் காது எனக்குன்னே வெச்சிருக்காருங்க" என்றேன்.

சம்பந்தியம்மா அதை வேடிக்கை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்.