அக்பர் பாயின் பரிசல் பெட்டி

அக்பர் அலி பாய் செத்துப்போனதை என் மனசு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒகேனக்கல் பரிசல் துறையில் மீன் அறுத்துக் கொடுக்கிறவள் நான், சகாயமேரி. தினமும் ஆயிரம் முகம் பார்க்கிறேன். எவன் நல்லவன், எவன் வெறும் வாய்ச்சவடால் என்று எனக்குத் தெரியாதா? பாய் நல்ல மனுஷன். வாயும் கொஞ்சம் நீளம்தான், அது வேறு விஷயம்.

பெங்களூர், சேலம் பக்கமிருந்து கூட்டமாக வருகிறவர்களைப் பரிசலில் அழைத்துப்போய், ஆற்றுக்கு நடுவே மணல் திட்டில் இறக்கி, பகல் முழுக்க அங்கேயே ஆக்கிப்போடுவது அவர் தொழில். அடுப்பு, தேக்சா, கரண்டி, தட்டு எல்லாம் ஒரே தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. கடைசியில் வேண்டியது அடியில், முதலில் வேண்டியது மேலே. உச்சியில் எப்போதும் டீச்சட்டிதான்.

"எறங்குனதும் மனுசனுக்கு மொதல்ல டீ வேணும் மேரி. பிரியாணியெல்லாம் அப்புறம்" என்பார். அரிசி, மசாலாவை மட்டும் கிளம்பும் அன்றைக்குத்தான் வைப்பார்.

பரிசலில் பெட்டி ஒரு பக்கம் என்றால் பாய் எதிர்ப்பக்கம். நல்ல கனத்த ஆள். "பாய் குந்துனாத்தான் என் பரிசலு மட்டமா நிக்குது" என்று சிரிப்பான், துடுப்புப் போடும் கிருஷ்ணப்பன். "அப்ப என்னைய எளைக்க உடாத. ரெண்டு மீன் சேத்துப் போடு" என்று என் பக்கம் திரும்புவார் பாய்.

அவர் சம்சாரம் ரோஷன் பீ. வீடு பென்னாகரத்தில். மசாலா அரைத்து எடுத்துக்கொண்டு துறை வரைக்கும் வருவாள். பரிசலில் மட்டும் ஏற மாட்டாள். தண்ணீரைக் கண்டால் அவளுக்கு உதறல். "ஒரு தடவ அங்க வந்து நா போடற டீயக் குடிச்சுப் பாரேன்" என்று பாய் கெஞ்சாத நாளில்லை. "அடுத்த தடவ பாக்கலாங்க" என்று இவள் சொல்லாத நாளும் இல்லை. மகன் தாரிக் பிறந்து, வளர்ந்து, பெங்களூரில் வேலைக்கும் போய்விட்டான். இவர்கள் பாட்டு மட்டும் மாறவில்லை.

போன ஆடியில் என்ன தோன்றியதோ, "சரி, இந்தத் தடவ வர்றேங்க" என்றுவிட்டாள். பாய்க்குத் தலைகால் புரியவில்லை. துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வழக்கத்துக்கு மாறாக முன்கூட்டியே பெட்டியை அடுக்கி, கிருஷ்ணப்பன் கொட்டகையில் பூட்டி வைத்தார். பாழாய்ப்போன ஆறு, அப்போதுதானா அதற்கு வெள்ளம் வரணும்! பரிசல் ஓடக் கூடாதென்று தடை போட்டார்கள். தடை விலகுவதற்குள் பாய்க்கு நெஞ்சு வலி வந்து, தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

புருஷன் போனபின் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தா என்பதால் ரோஷன் பீ வெளியே வரவில்லை. நான்தான் போய்ப் பார்த்தேன். அவள் அழவில்லை. அலமாரியைக் குடைந்து, அம்மா வீட்டில் பேர் வெட்டிக் கொடுத்த டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தாள். அதில் குடித்தால்தான் அவளுக்கு டீ இறங்கும்.

"எங்க வெச்சீங்கன்னு கேட்டேன் மேரிக்கா. சிரிச்சுக்கிட்டே நின்னாரு. கோவத்துல வூடே அதிரக் கத்திட்டேன். நல்லபடியா ஒரு பேச்சு அதுக்கப்புறம் பேசலியே" என்றாள். அந்தப் பெட்டியைப் பார்த்தால் செத்துவிடுவேன், யாராவது சமையல்காரர் எடுத்துப் போகட்டும் என்றும் சொன்னாள். தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தை பிறந்தபின், பெட்டியை மதியழகன் என்கிற சமையல்காரருக்குக் கொடுத்துவிட அவளே துறைக்கு வந்தாள். அன்றைக்கே அவருக்கு ஒரு கூட்டம் வந்திருந்தது. நடு ஆற்றில் கடை கிடையாது. ஏற்றுவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பார்ப்பது இங்கே வழக்கம். அவள் கையிலிருந்த சாவியை வாங்கிக் கிருஷ்ணப்பன் திறந்தான்.

உச்சியில் டீச்சட்டி. அதற்குள் பாயின் துண்டு. துண்டைப் பிரித்தால், அவள் டம்ளர்.

மணலில் இறங்கியதும் முதல் டீயை அதில் ஊற்றி அவள் கையில் கொடுக்கணும் என்று எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார் அந்த மனுஷன். ரோஷன் பீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லியிருந்தா நா கத்தியிருப்பேனா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று டம்ளரைப் பார்த்துக் கேட்டுக் கேட்டு அழுதாள். மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

அழுது முடித்து எழுந்து முகத்தைத் துடைத்தாள்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. பெட்டி எங்கிட்டயே இருக்கட்டும். இன்னிக்கு நானும் வந்து ஆக்கறேன்" என்றாள். மதியழகன் "சரிங்க" என்றுவிட்டு, வந்த கூட்டத்தோடு முன் பரிசலில் ஏறிக்கொண்டார்.

கிருஷ்ணப்பன் பரிசலில் பெட்டியை வைத்தான். ரோஷன் பீ மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி நடுங்கி நடுங்கி ஏறி, பாய் உட்காருகிற பக்கத்தில் உட்கார்ந்தாள். பரிசல் பெட்டிப் பக்கமாகச் சாய்ந்தது. அவன் கரையில் கிடந்த கல்லொன்றைத் தூக்கி அவள் பக்கத்தில் வைத்தான். சாய்வு குறையவில்லை. இன்னொன்று வைத்தான். பரிசல் மட்டமாக நின்றது.

அவள் அந்தக் கற்களையே பார்த்தாள். டம்ளர் மடியில் இருந்தது.

"அவரு கனத்துக்கு நா எங்க போவேன் தம்பி?" என்று கேட்டாள்.

கிருஷ்ணப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்பைப் போட்டான்.