நடுவில் உட்கார்ந்தவள்

உப்புக்காரிக்கு இரண்டு பாஷை வரும் என்பதை அவள் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததே இல்லை. மலையில் பேசுவது ஒன்று. கணவாயைத் தாண்டிக் கீழே இறங்கினால் கடைத்தெருவில் பேசுவது இன்னொன்று. பன்னிரண்டு வருஷம் புருஷனோடு கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு போய் உப்பு மூட்டை ஏற்றி வந்தவள். பேரம் பேசப் பேச அந்தப் பாஷை தானாக நாக்கில் ஒட்டிக்கொண்டது.

கடலுக்கு அப்பாலிருந்து தாடிச் சாமியார் வந்து சேர்ந்தபோது அந்த மலையில் அதற்கு முன் ஒரு பாதிரியாரும் கால் வைத்ததில்லை. மனிதர் கடைத்தெருப் பாஷையை இரண்டு வருஷம் முக்கி முக்கிப் படித்துவிட்டு வந்திருந்தார். மேலே ஏறி வந்த பிறகுதான், அது இங்கே யாருக்கும் புரியாது என்பது அவருக்கு உறைத்தது. முழங்கால் வரை சேறும் தோளில் மருந்துப் பெட்டியுமாக நின்று அவர் ஏதேதோ சொல்ல, ஊரே அவரை வேடிக்கை பார்த்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து உப்புக்காரிதான் குரல் கொடுத்தாள்: "குளிருதாம் அவருக்கு. யாராவது உள்ள கூப்பிடுங்களேன்."

அவள் புருஷன் செத்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பனிக்காலத்தில் கணவாயில் கால் தவறிப் பள்ளத்தில் விழுந்துவிட்டான். கூடப் போன கொழுந்தன் மட்டும் திரும்பி வந்து, "விழுந்ததுமே உயிர் போயிடுச்சு அண்ணி" என்றான். உடம்பு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கீழே இறங்கவே இல்லை. கழுதைகளைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு வீட்டோடு கிடந்தவளைத்தான் சாமியார் தன் வாயாக வைத்துக்கொண்டார்.

முதல் பிரசங்கம் அரைமணி நேரம் நடந்தது. அவர் கண் கலங்கப் பேசி முடித்ததும் உப்புக்காரி எழுந்து நின்றாள். "ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்காரு. பல்வலிக்கு மருந்து வச்சிருக்காராம். மத்ததைப் போகப் போகச் சொல்றாராம்." சாமியார் சந்தேகமாக, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். "சாமி, எங்க பாஷை கொஞ்சம் சிக்கனம்" என்றாள் அவள்.

பல்வலிக்காரர்கள்தான் முதலில் வந்தார்கள். பிறகு பிரசவத்துக்கு முன்பும் பின்பும் காய்ச்சல் கண்ட பெண்கள் வந்தார்கள். காலியாகக் கிடந்த ஓர் ஆட்டுக் கொட்டிலைச் சாமியார் தன் கையாலேயே பெருக்கிச் சுண்ணாம்பு அடித்தார். காலையில் அது பள்ளிக்கூடம், மதியம் ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை கோயில். எத்தனை முறை கழுவியும் ஆட்டு வாசனை போகவில்லை. மூன்றாவது வருஷம் இருபது பேர் போல ஞானஸ்நானம் வாங்கினார்கள். உப்புக்காரியும் வாங்கினாள், கொழுந்தனும் வாங்கினான்.

அதற்குப் பிறகுதான் பாவசங்கீர்த்தனம் என்ற ஒன்று வந்தது. செய்த தப்பைச் சாமியாரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்வது அவருக்குப் புரிய வேண்டுமே? சாமியார் யோசித்து யோசித்து, கடைசியில் அவளைக் கூப்பிட்டார்.

"நடுவுல உக்காந்து நீ எடுத்துச் சொல்லலாம். அதுக்கு அனுமதி உண்டு. ஆனா இங்க கேட்டது உன் வாயிலேருந்து வெளிய வரக் கூடாது. சாகற வரைக்கும். சொன்னவங்ககிட்டயே கூட நீயா அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"நாலு கடைக்காரன்கிட்ட உப்பு விலையை மறைச்சவ சாமி நான். எனக்கா வராது?"

கொட்டிலின் மூலையில் ஒரு சாம்பல் நிறக் கம்பளியைத் தொங்கவிட்டார்கள். அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் வந்தவர், ஓரத்தில் முக்காலி போட்டு உப்புக்காரி. பக்கத்து வீட்டு வேலியை ஓரடி தள்ளி நட்டவர், மாமியாரின் போர்வையை வேண்டுமென்றே மழையில் விட்டவள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். சிரிப்பு வந்தால் அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். வெளியே வரும்போது அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஊர் உற்று உற்றுப் பார்க்கும். கழுவி வைத்த சிலேட்டுப் பலகை போல நடந்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

கொழுந்தன் மட்டும் வரவே இல்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே இருந்தான். வாரம் தவறாமல் அவள் வாசலில் விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போவான். உள்ளே வந்து உட்கார மாட்டான். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தாள்.

ஒரு மதியம் வந்தான். மண்டியிட்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் கம்பளியையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"அண்ணன் விழுந்ததும் சாகல சாமி. பள்ளத்துல ஒரு பாறையில தொங்கிக்கிட்டு கூப்பிட்டாரு. என்கிட்ட கயிறு இருந்துச்சு. பனி கொட்டுது. இறங்கினா நானும் போயிடுவேன்னு பயம். திரும்பிப் பாக்காம நடந்துட்டேன். ரொம்ப தூரம் வரைக்கும் அவர் குரல் கேட்டுது."

உப்புக்காரி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சாமியாருக்கு மலைப் பாஷையில் அப்போது நாற்பது ஐம்பது சொல்தான் தெரியும். அண்ணன் என்பது அதில் ஒன்று. கம்பளிக்குப் பின்னாலிருந்து மெதுவாக, "நீ எழுந்து போயிடும்மா. நான் பாஷை கத்துக்கிட்டு அப்புறம் கேட்டுக்கறேன்" என்றார்.

"வேண்டாம் சாமி. பாதியில விட்டா இவன் தாங்க மாட்டான்."

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கடைத்தெருப் பாஷையில் சொன்னாள். வருஷக் கணக்கில் உப்புக்குப் பேரம் பேசின அதே பாஷையில் புருஷன் தொங்கின பாறையையும் கயிற்றையும் எடுத்து வைத்தாள்.  பிறகு சாமியார் சொன்னதை இந்தப் பக்கம் சொன்னாள்: "கடவுள் உன்னை மன்னிச்சுட்டாராம். எழுந்து போகச் சொல்றாரு."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அழக்கூட முடியவில்லை, அழுதால் ஏன் என்று கேட்பார்களே. கடவுள் மன்னித்துவிட்டார், சரி. அவருக்கென்ன, அவர் புருஷனா போனது? அடுத்த வாரம் வாசலில் விறகு இருந்தது. தொடவில்லை. அதற்கடுத்த வாரம் வந்ததையும் தொடவில்லை. ஈரத்தில் பட்டை கறுத்து ஊறிக்கொண்டிருந்த விறகைத் தாண்டி நடந்து, தானே காட்டுக்குப் போய்ச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

பனி உருக ஆரம்பித்த சமயத்தில் பிள்ளைகளுக்குத் தொண்டைக் காய்ச்சல் பரவியது. மருந்துப் பெட்டி காலி. கீழே போய் வாங்கி வர, பாஷை தெரிந்த ஆள் வேண்டும். சாமியார் தானே கிளம்பினார். அவருடைய முட்டி வாசற்படியிலேயே மடங்கியது. "உக்காருங்க சாமி. வழியில உங்களைத் தூக்கிட்டு வர வேற நாலு பேர் வேணும்" என்று சொல்லிவிட்டு உப்புக்காரி தன் போர்வையைப் போர்த்திக்கொண்டாள். கழுதைகளைப் பிடித்துக்கொண்டு கொழுந்தன் தெருமுனையில் நின்றிருந்தான். வேறு யாருக்கும் கணவாய் பழக்கமில்லை, அவனுக்கோ கடைத்தெருப் பாஷை வராது.

இரண்டு நாள் நடையில் "கல்லு வழுக்குது", "தண்ணி வேணுமா" என்பதைத் தவிர ஒரு பேச்சும் இல்லை. மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கணவாயின் ஒரு வளைவில் அவன் கழுதையை நிறுத்தினான்.

"அண்ணி. இங்கதான்."

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

"அன்னிக்கு சாமிகிட்ட சொன்னேன். இப்ப உங்ககிட்ட சொல்றேன். இங்க அந்தக் கம்பளி இல்ல. நீங்க என்ன வேணா பேசலாம். அடிக்கணும்னா அடிங்க."

பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். பனி பாதி உருகி, கரும்பாறை ஒன்று வெளியே தெரிந்தது.

"என்ன சொல்லிக் கூப்பிட்டாரு?"

அவன் கழுதையின் கழுத்து வாரை இறுக்கினான், தளர்த்தினான்.

"'தம்பி வாடா'ன்னாரு. அப்புறம் 'வராதே, வீட்டுக்குப் போ'ன்னாரு. மறுபடி 'வாடா'ன்னாரு. மாத்தி மாத்தி."

"வராதேன்னு சொன்னதை அன்னிக்கு நீ சொல்லலையே."

"சொன்னா தப்பிச்சுக்கற மாதிரி இருக்கும் அண்ணி."

உப்புக்காரி அப்படியே பாறைமேல் உட்கார்ந்து அழுதாள். மூன்று வருஷத்து அழுகை. புருஷன் அப்படித்தான், கடையிலும் இந்த மூட்டை வேண்டும் என்பான், வேண்டாம் என்பான், மறுபடி வேண்டும் என்பான். அவன் குரலையே கேட்டது போல் இருந்தது. கொழுந்தன் தள்ளி நின்று அழுதான். கழுதைகள் இரண்டும் பொறுமையாக நின்றன.

கடைசியில் அவள்தான் எழுந்தாள். "நட. பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்." நாலடி போனதும் திரும்பாமலே, "சாயந்தரம் வீட்டுக்கு வந்து சாப்பிடு. வாசல்லயே நின்னுட்டுப் போகாதே" என்றாள்.

இரண்டு குழந்தைகளைத் தவிர மற்ற எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தன. அந்த இரண்டையும் சாமியாரே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்.

அன்றிலிருந்து அவர் பாஷையைக் கற்றுக்கொள்வதில் மும்முரமானார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தினமும் மருந்து கொடுத்து முடித்ததும் அவளெதிரில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். அவளிடமே கற்றதால் அவருக்கு அவள் பேச்சே வந்தது. இழுப்பும் சலிப்பும் "அட போங்கய்யா"வும் உட்பட. தாடி வைத்த ஒரு மனிதர் உப்பு விற்கிற பெண் மாதிரி பிரசங்கம் செய்வதைக் கேட்க, ஞானஸ்நானம் வாங்காதவர்களும் கோயிலுக்கு வந்தார்கள்.

ஆறாவது வருஷம் அவர் முதல் தடவையாகத் தனியாகப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். உப்புக்காரி வெளியே, கொட்டில் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்து ஒரு கழுதைச் சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். முதலில் உள்ளே போன கிழவி முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"பாதிதான் புரியுது அவருக்கு. தலையை மட்டும் ஆட்டறாரு. நீயே வந்து உக்காந்துடு தாயி."

உப்புக்காரி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"புரியாத பாதியை மறுபடி போய்ச் சொல்லுங்க பெரியம்மா. மெதுவா சொல்லுங்க. கேட்டுக்குவாரு."