ரப்பர்காரர் அழித்த வரி

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை பென்சில்தான். ஐந்தாவது போனால்தான் பேனாவைத் தொடலாம். இதற்காக அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அந்த வருஷமே என் கையில் பேனா இருந்திருந்தால் நாங்கள் எந்த ஊரில் எவர் வீட்டில் வாடகைக்கு இருந்திருப்போமோ தெரியாது.

மைசூர் மைன்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருந்தோம். சுரங்கத்தை மூடிவிட்டதால் அப்பா விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய், ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றுவிட்டு இருட்டிய பிறகு வருவார். நான் ராபர்ட்சன்பேட்டையில் இங்கிலீஷ் மீடியம் படித்தேன். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷில் படித்த முதல் ஆள் நான்தான் என்பதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். சோறு போடச் சொல்வதைக்கூட இங்கிலீஷில்தான் சொல்வேன். அம்மா அது புரியாதது போல அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் டீச்சர் பெயர்ச்சொல் நடத்தினார். ப்ராப்பர் நவுன், காமன் நவுன், கலெக்டிவ் நவுன் என்று அது போய்க்கொண்டே இருந்தது. மெட்டீரியல் நவுனுக்குப் புத்தகத்தில் இருந்த முதல் உதாரணமே தங்கம். ஊர் பெயரிலேயே தங்கத்தை வைத்திருந்த எங்கள் வகுப்பில் ஒருத்தி காதிலும் குன்றிமணித் தங்கம் கிடையாது. கூட்டத்தைக் குறிக்கும் சொல் ஒன்று கேட்டபோது நான் எழுந்து 'எ கேஜ் ஆஃப் மென்' என்றேன். ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழிக்குள் ஆட்களை இறக்கும் கூண்டான கேஜ் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, புத்தகத்தில் இல்லை, ஆனாலும் இருக்கட்டும் என்றார்.

ப்ரோநவுன் நடத்திய அன்றும் அவர் சுரங்கத்துக்குத்தான் போனார். ஒருத்தர் ஷிஃப்ட்டுக்கு வராவிட்டால் அவருக்குப் பதிலாக இன்னொருத்தர் இறங்குவார் இல்லையா, அது மாதிரி பெயருக்குப் பதிலாக வந்து நின்று அதன் வேலையைச் செய்கிற சொல் என்றார். பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தார். பத்து நாளில் குடும்பத்தில் உள்ள பத்துப் பேரின் பெயர்களை எழுதி வர வேண்டும், ஒரு பெயருக்கு ஒரு மார்க்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்த பிறகுதான் அப்பா அம்மாவைத் தவிர எனக்கு ஒருத்தர் பெயரும் தெரியாது என்பது தெரிந்தது. அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா என்று வாய் நிறைய ஆட்கள் இருந்தார்களே தவிர, ஒருத்தருக்கும் பெயர் இல்லை. அம்மாவைக் கேட்டுப் பிரயோசனம் கிடையாது. அவளுக்கு அப்பா எப்போதும் 'அவரு'தான். லைனில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் கூட வந்த பிள்ளையை இடித்துச் சொல்லச் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்ததுதான் என்றாலும், அவர் பெயரை முறையாகக் கேட்டேன். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டையில் இருந்த அத்தை வீட்டுக்குக் கிளம்பினேன். அத்தை அப்பாவின் தங்கை. கருவாடு கழுவிக்கொண்டே மாமா வீட்டார் பெயர்களையெல்லாம் சலிக்காமல் சொன்னாள். அப்பாவையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் எட்டுதான் தேறியது.

எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படமாக ஒரு பெரியப்பா இருந்தார். மீசை சரியாக முளைக்காத முகம். செத்தவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று டீச்சர் சொல்லவில்லையே என்று அவர் பெயரைக் கேட்டேன். அத்தை பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். அது அப்பாவின் பெயர்.

நான் விடவில்லை. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைப்பார்களா, அப்படி வைத்தால் அது ப்ராப்பர் நவுனா காமன் நவுனா என்று கேட்டேன். அத்தை கருவாட்டுச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். பெரியப்பாவுக்கு மைன்ஸில் வேலை கிடைத்து கார்டு வந்தது. சேர வேண்டிய மாதத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை. அப்பாவுக்கு வேலை கேட்கிற வயசு ஆகவில்லை. அண்ணன் கார்டை எடுத்துக்கொண்டு அண்ணன் பெயரைச் சொல்லி ஷாஃப்ட்டில் இறங்கியவர்தான், சுரங்கம் மூடுகிற வரை அந்தப் பெயராகவே இருந்தார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அதையும் அத்தை சொன்னாள்.

"அந்தப் பேரச் சொல்லி அவரக் கூப்புட இப்போ ஆளே இல்ல, கண்ணு. வெளிய எங்கியும் சொல்லிக்கினு இருக்காத."

தலையில் அடித்து சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதக் கூடாது என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியப்பாவை விட்டுவிட்டு அம்மா பெயரைச் சேர்த்தால் ஒன்பது. அப்பாவுக்கு இரண்டு வரி கொடுத்தால் பத்து. அப்பா, மைன்ஸ் பேர். அப்பா, வீட்டுப் பேர். அடைப்புக்குறியெல்லாம் போட்டு இங்கிலீஷில் அழகாக எழுதினேன். பத்துக்குப் பத்து கையில் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த வாரம்தான் லைனில் கணக்கெடுக்க ஆள் வருகிறார் என்று பேச்சு. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் அந்தந்த வீட்டிலேயே இருக்கலாம், கார்டில் இருக்கிற ஆளும் வீட்டில் இருக்கிற ஆளும் வேறு வேறாக இருந்தால் காலி செய்ய வேண்டும் என்றார்கள். இரண்டு லைன் தள்ளி ஒரு குடும்பம் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனதை நானே வேடிக்கை பார்த்தேன். அம்மா இரண்டு நாளாகத் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு வயிறு சரியில்லை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. நான் வாசற்படியில் உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஃபைல் கட்டோடு வழுக்கைத்தலைக்காரர் ஒருவர் வந்து நின்றார். கன்னடக்காரர், ஆனால் எங்கள் ஊர்த் தமிழைத் தட்டுத்தடுமாறாமல் பேசினார். அம்மா குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கார்டை எடுத்துக் கொடுத்தாள். கார்டில் இருப்பதும் வீட்டார் வாயால் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. புருஷன் பெயர் என்ன என்று கேட்டார்.

அம்மா வழக்கம்போல என்னைப் பார்த்தாள். எனக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும் என்ற நம்பிக்கையில் பார்த்தாள்.

"சார் கேக்கறாரு பாரு. அப்பா பேரு சொல்லு, பாப்பா."

படித்த பிள்ளை என்று காட்ட எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்?

"எந்தப் பேரு சார்? மைன்ஸ் பேரா, வூட்டுப் பேரா?" என்று கேட்டுவிட்டு, ஆதாரத்துக்கு நோட்டையும் நீட்டினேன்.

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எங்கள் லைனில் ஒரு சொம்புத் தண்ணீர் சிந்தினாலே சண்டை வரும். அன்று அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

அவர் நோட்டை வாங்கிப் பத்து வரியையும் நிதானமாகப் படித்தார். கார்டைப் பார்த்தார். தலையைத் தூக்கி, திறந்திருந்த கதவு வழியாகச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். அம்மாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிறகு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து, இரண்டாவது வரியை அழிக்க ஆரம்பித்தார். நான் பிடுங்கப் பார்த்தேன். அவர் முழங்கையால் என்னைத் தடுத்துக்கொண்டு, எழுத்தின் தடம்கூடத் தெரியாதபடி அழுத்தி அழித்து, தூளை ஊதித் தள்ளினார்.

"வூட்டுப் பேரு பேடா, பாப்பா. ஒரு ஆளுக்கு ஒரு பேருதான் எழுதணும்."

'பேடா' என்றால் வேண்டாம். கன்னடம் எனக்கும் தெரியும். ஆனால் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல இவர் யார், டீச்சரா? நான் வாய்விட்டு அழுதேன். அவர் தன் ரிஜிஸ்டரில் கார்டில் இருந்த பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டார். எழுந்து, தண்ணீர் வீணாகப் போகிறது, குழாயை நிறுத்துங்கள் அம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா குழாயை நிறுத்திவிட்டு வந்தாள். அடி விழும் என்று முதுகைக் குறுக்கினேன். அவள் ஈரப்புடவையோடு என்னைக் கட்டிக்கொண்டு, என்னைவிடச் சத்தமாக அழுதாள். என் வீட்டுப்பாடம் கெட்டுப்போனதற்கு அம்மாவும் இவ்வளவு வருத்தப்படுகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சாயங்காலம் கேசரி கிண்டினாள். அதுவும் என்னைத் தேற்றத்தான் என்று நினைத்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்பா வந்ததும் அம்மா தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அவரு பேரு இன்னா?"

அம்மா கேட்கவில்லை. ஊரில் உள்ள பெயரையெல்லாம் சேகரித்துத் திரிந்த நானும் கேட்கவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் அப்பா அவரைத் தேடி, கணக்கெடுக்க ஆள் அனுப்பிய ஆபீஸ் கேட் வரை போயிருக்கிறார். நன்றி சொன்னால் எதற்கு என்று பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்பார்கள், அதனால் அவருக்கும் ஆபத்து என்று தோன்றித் திரும்பிவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் அவர் ரப்பர்காரர் ஆனார். விளக்கு ஏற்றும்போது அம்மா இன்றும், ரப்பர்காரர் பிள்ளை குட்டிகளோடு நல்லா இருக்கணும் என்று சொல்லித்தான் தீக்குச்சியைக் கிழிக்கிறாள். நானும் சொல்கிறேன். தன் வேலையே போய்விடும் என்று தெரிந்தும் முன்பின் தெரியாத குடும்பத்துக்காக ஒரு வரியை அழித்தாரே, அவருக்கு எந்த வார்த்தையால் நன்றி சொல்ல முடியும்?

இப்போது அப்பா ஏறிய அதே ரயிலில்தான் நானும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். நாள் முழுக்க ஆட்களின் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அப்பாவின் இரண்டு பெயர்களையும் இந்தக் கதையில் எழுதப்போவதில்லை. ஆனால் எனக்குப் பையன் பிறந்தபோது அத்தை சொன்ன அந்தப் பெயரை அவனுக்கு வைத்தேன். காதில் அந்தப் பெயரை மூன்று தடவை சொல்லச் சொன்னபோது அப்பா எண்ணிக்கை தவறி நாலு தடவை சொன்னார். இப்போது அதே வீட்டு வாசலில் நின்றுகொண்டு தன் பெயரைத் தானே தெருவே கேட்கும்படி கத்திக் கூப்பிடுகிறார், அவன் விளையாட்டை விட்டு வந்தால்தானே.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாவது வரி இருந்த இடத்தில் காகிதம் தேய்ந்து மெலிந்திருக்கிறது. கீழே சிவப்பு மையில் டீச்சர் போட்ட பத்துக்கு ஒன்பது. ஒரு மார்க்கைக் கெடுத்த மனுஷன் என்று நான் ரப்பர்காரரை வெகுநாள் கறுவிக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டே நான் உட்கார்ந்திருந்த அந்தப் படி, எனக்குப் பின்னால் இருந்த கதவு, சுவரில் இருந்த பெரியப்பா, எல்லாவற்றையும் அந்த ஒரு மார்க்கைக் கொடுத்துத்தான் வாங்கினோம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.