கதவுச் சட்டத்து அலுமினியம்

என் மனைவிக்குக் கடைசியில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. தலைமன்னாரில் படுத்த படுக்கையாகிவிட்ட தன் அக்காவை ஒருமுறை பார்க்கவேண்டும். இவளுக்கோ வயிற்றில் புற்று. பஸ்ஸில் ஏறினால் வாந்தி. வாடகைக்கு வான் பிடிக்கவும் விடமாட்டாள்.

"பிறத்தியாரின்ரை வாகனத்தில சத்தி எடுக்க வெக்கமாய்க் கிடக்கு. எங்கடை காரைத் திருத்துங்கோ."

எங்கள் பழைய காரில் காற்றை எஞ்சினுக்கு இழுத்துக்கொடுக்கும் இன்டேக் குழாய் உப்புக்காற்றில் அரித்துப்போயிருந்தது. கொழும்பு வரை விசாரித்தும் சாமான் இல்லை. நானே அலுமினியத்தில் வெட்டி, வெல்டிங்கில் ஒட்டுவது என்று முடிவெடுத்தேன். முப்பது வருடம் கராஜில் கிடந்தவனுக்கு இதென்ன பெரிய வேலை என்ற திமிர்.

வீடு கட்டியபோது மிஞ்சிய அலுமினியக் கதவுச் சட்டத் துண்டுகள் கட்டிலுக்குக் கீழே கிடந்தன.

"இஞ்சேருங்கோ, உதில செய்யுங்கோவன்" என்றாள்.

"அது மெழுகு மாதிரி. உமக்கு என்ன தெரியும், சும்மா கிடவும்!"

என் வாய் அப்படி.

எங்கள் ஊரில் எதை வாங்கினாலும் "பெலமோ?" என்று கேட்டுத்தான் வாங்குவோம். பழைய இரும்புக் கடையிலும் பெலமான அலுமினியம்தான் கேட்டேன். கடைக்காரர் ஒரு தடித்த தகடு தந்தார். வளைக்க வளையவில்லை, அரம் வைத்தால் வழுக்கியது. எனக்கு வாயெல்லாம் பல்லு.

ஒட்டும்போது அழகாகத்தான் ஒட்டியது. ஆறும்போது 'டிக்' என்றது. தையலோரம் மயிர் போல ஒரு வெடிப்பு. மறுபடி ஒட்டினேன், மறுபடி வெடித்தது. அந்த வகை அலுமினியம் சூடு கண்டால் வெடிக்கும், ஒட்டுவதற்கு இளக்கமானதுதான் நல்லது என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவரிடம் கேட்கவும் ரோசம் விடவில்லை. நானொரு விசரன்! அப்படியே பத்து நாள் போனது. பதினோராம் நாள் விடிய அவள் போய்விட்டாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் கட்டிலுக்குக் கீழே கிடந்ததை எடுத்தேன். ஒரே ஒட்டில் பிடித்துக்கொண்டது. சாவியின் முதல் திருப்பிலேயே கார் இயங்கியது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

அவளுடைய சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு தலைமன்னாருக்குப் போனேன். அவளுடைய அக்கா, என் மச்சாள், படுத்தபடியே யன்னலால் காரைப் பார்த்தார்.

"உதுதானே தம்பி, கதவுச் சட்டத்தில செய்தது? தங்கச்சி போனில சொன்னவள். 'நான்தான் யோசனை குடுத்தனான் அக்கா, அவர் உடனை ஓமெண்டிட்டார்' எண்டு. என்ன பெருமை அவளுக்கு!"

கொண்டுபோன சேலையை அவர் கையில் வைத்தேன்.

"ஓம் மச்சாள்" என்றேன்.

அவளுக்குச் சொல்லியிருக்கவேண்டிய ஓம் அது.