பச்சைக் கண்ணாடியும் இரண்டு தோல் துண்டுகளும்

பதினொரு வருடம் வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பஸ்ஸில் போய்வந்தவள் நான். தோல் தொழிற்சாலையில் ஷேடு பார்க்கிற வேலை. வெளிநாட்டுக்காரர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டையும், புதிதாகச் சாயம் ஏறிய தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நிறம் சரி என்றால் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் தோல் செருப்புக்கு வெட்டுகிற கட்டிங்குக்குப் போகும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு முதலாளி ஆபீஸையும் ஷேடு பார்க்கிற வேலையையும் மட்டும் வேலூருக்கு நடுவில் எழும்பிய புதுக் கட்டடத்துக்கு மாற்றினார். கரண்ட் மிச்சம், மழைநீர் சேமிப்பு, வெயிலைத் தடுக்கிற பச்சைக் கண்ணாடி என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவரே சுற்றிக் காட்டுவார். ஜன்னல் ஒன்றுகூடத் திறக்காது. எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிட நடை, அது போதும். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அதுவரை அவள் கண் விழிக்கும் முன்பே நான் பஸ் ஏறியிருப்பேன். பக்கத்து வீட்டு அக்காதான் பள்ளிக்கு அனுப்புவார். இப்போது நானே தலை பின்னிவிட்டேன். முதல் நாள் கோணலாகத்தான் வந்தது. அதையே தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு போனாள்.

தோல் துண்டுகள் ஆம்பூரிலிருந்து காலை வண்டியில் எனக்கு வரும். முதல் இரண்டு வாரம் எல்லாம் கறுப்பு. கறுப்பில் தப்பு தெரியாது. மூன்றாம் வாரம் ஒரு பழுப்புத் தோல் லாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாதிரித் துண்டையும் புதுத் துண்டையும் அவசரத்தில் கைப்பையில் திணித்துக்கொண்டு, மதியம் லாங் பஜாருக்குப் போனேன். சில்லறை தேடியபோது இரண்டும் வெளியே வந்தன. வெயிலில் ஒன்று பழுப்பு, இன்னொன்று செங்கல் நிறம். கைவண்டிக்காரர் ஒதுங்கச் சொல்லிக் கத்தியதுகூடக் காதில் விழவில்லை.

கண் கெட்டுவிட்டதோ என்று பயந்து ஆபீஸுக்குத் திரும்பி மறுபடி பார்த்தேன். உள்ளே இரண்டும் ஒன்று. தப்பு கண்ணில் இல்லை, வெளிச்சத்தையே மாற்றிவிடுகிற அந்தப் பச்சைக் கண்ணாடியில். மறுநாள் காலை கட்டிங். வெட்டிவிட்டால் லாட் முழுக்கப் போச்சு. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்: ஷேடு வேலை ஆம்பூருக்கே திரும்பும், கூடவே நானும்.

பொய் சொல்வானேன், இரண்டு மணி நேரம் வாய் திறக்கவில்லை. காலில் போடுகிற செருப்பை எவன் வெயிலில் பிடித்து நிறம் பார்க்கப் போகிறான் என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

நாலு மணிக்கு முதலாளி அறைக்குப் போனேன். துண்டுகளைக் கண்ணாடிப் பக்கம் பிடித்துப் பார்த்து, "ரெண்டும் ஒன்னாதானம்மா இருக்குது?" என்றார்.

"இங்க ஒன்னுதான் சார். கீழ ரோட்டுக்கு வந்து பாருங்க."

லிஃப்டில் கீழே இறங்கினோம். வெயிலில் பார்த்தார். அங்கேயே நின்று ஆம்பூருக்கு போன் போட்டுக் கட்டிங்கை நிறுத்தச் சொன்னார். பிறகு அண்ணாந்து கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ நாளைலேர்ந்து நீங்க அங்கயே போய்டுங்கம்மா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சாயங்காலம் மகளுக்குச் சோறு போட்டபடி, நாளையிலிருந்து பழையபடி அக்காதான் அனுப்புவார் என்றேன். ஏன் என்று விடாமல் கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன்.

"யாருக்குமே தெரியாதில்ல? அப்புறம் ஏம்மா சொன்ன?"

மதியம் இரண்டு மணி நேரம் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசாமல் சாப்பிடு என்று அதட்டினேன்.