பதினோரு முறை செத்த செல்களும் ஒரு காரைக்குடிப் பயணமும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நான் காரைக்குடிக்குப் போனதற்குக் காரணம் பொறாமை. பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிடப் போவதாக வீட்டில் சொன்னேன். ஆட்டின் சிறுநீர்ப்பையில் உள்பக்கமாகப் படர்ந்திருக்கும் செல்களை எடுத்து, தட்டில் வளர்த்து ஆராய்வதுதான் மதுரையில் என் முனைவர் பட்ட வேலை. பதினோரு முறை முயன்றேன், பதினோரு முறையும் செத்தன. அடுத்த மாதத்துக்குள் வளராவிட்டால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு.

அந்த வாரம் பார்த்துத்தானா, என்னோடு எம்.எஸ்சி. படித்த உமையாள் தன் காரைக்குடி ஆய்வகத்திலிருந்து ஒரு படம் போட வேண்டும்? அதே ஆட்டுச் செல்கள், தளக்கல் பாவியதுபோல நெருக்கமாக, பளபளவென்று. பேராசிரியர் அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "பார்த்துக் கத்துக்கோங்க" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

மாட்டுத்தாவணியில் 12.40 பேருந்து. மேலூர், திருப்பத்தூர் வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர், டிக்கெட் 90 ரூபாய். பிள்ளையார்பட்டியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு போட்டேன். வீட்டில் சொன்னது பாதி உண்மையானது. மூன்று மணிக்குக் காரைக்குடி.

அவளிடம் புதுக் கருவி இருக்கும், அதான் வளருது என்று வழியெல்லாம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு போயிருந்தேன். ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தால், செல்களைச் சூட்டில் வைக்கும் அவளுடைய இன்குபேட்டர் என்னுடையதைவிடப் பழசு. கதவுக்கு டேப் ஒட்டியிருந்தாள். அவள் டீ வாங்கப் போன நேரத்தில் செல்களுக்கு ஊற்றும் மருந்துப் பாட்டில்களின் லேபிள்களைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தேன் (சொல்ல வெட்கம்தான்). எல்லாம் நான் வாங்கும் அதே சரக்கு. எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. காரணம் கருவியும் இல்லை, மருந்தும் இல்லையென்றால், அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்றுதானே அர்த்தம்?

இரவு மானகிரியில் அவள் வீட்டில் தங்கல். ஆட்டோ 150 ரூபாய். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஐஸ் பெட்டியோடு அவள் வழக்கமாக வாங்கும் கறிக்கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரர் சேவுகன் அண்ணன் அப்போதுதான் ஆட்டை உரித்து முடித்திருந்தார்.

"வாங்க ஆச்சி. இங்குட்டு நில்லுங்க, அங்குட்டு ரத்தம் கெடக்கு," என்று உமையாளை வரவேற்றவர் (செட்டிநாட்டில் இளம்பெண்ணும் ஆச்சிதான்), சிறுநீர்ப்பையின் கழுத்தை நூலால் இறுக்கக் கட்டி, உள்ளே மூத்திரம் இருக்க அப்படியே அறுத்து நீட்டினார்.

"கழுவலையாண்ணே?" என்றேன்.

"ஆத்தி! கழுவக் கூடாதுன்டு ஆச்சி சொல்லியிருக்காக. மொத ரெண்டு மாசம் நானும் படிச்ச புள்ளைகளுக்குக் குடுக்கிறோமேன்டு பொரட்டிப்போட்டு, உப்பு வச்சுத் தேச்சு, கொழாயில அலசித்தான் குடுத்தேன். அப்பறம்தான் வைதாக."

மதுரையில் என் கறிக்கடைக்காரரும் அதே மரியாதையோடு அதையேதான் செய்கிறார். "சுத்தமா இருக்குண்ணே" என்று பதினோரு முறை நன்றி சொல்லி வாங்கி வந்திருக்கிறேன். உப்புத் தேய்ப்பில் மேல்படலம் கிழியும், குழாய்த் தண்ணீரை உறிஞ்சி செல்கள் உப்பி வெடிக்கும். ஆய்வகத்துக்கு வருவதற்குள்ளேயே என் செல்கள் செத்திருக்கின்றன.

"உனக்கு அப்பவே வாய்ஸ் அனுப்பினேனேடி, கேக்கலையா?" என்றாள் உமையாள்.

"கேட்டேன், மறந்துட்டேன்," என்று புளுகினேன்.

ஆய்வகத்தில் பையை வடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, செல்களின் பிடியைத் தளர்த்தும் கரைசலில் 37 டிகிரியில் நான்கு மணி நேரம் ஊறவைத்தோம். பிறகு மழுங்கிய கத்தியால் மெல்ல வழித்தாள். அழுத்தினால் கீழே இருக்கும் வேறு செல்களும் வந்து தட்டையே பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஒரு துளி நீலச்சாயம். செத்த செல் சாயத்தைக் குடிக்கும், உயிருள்ளது குடிக்காது. என் தட்டில் எப்போதும் நீலமாகத்தான் இருக்கும். இதில் நீலத்தைத் தேட வேண்டியிருந்தது.

மூன்றரை மணிப் பேருந்தில் அந்த வாய்ஸைத் தேடி எடுத்தேன். எட்டு மாதப் பழசு, ஆறு நிமிடம். பெருமை அடித்துக்கொள்ளத்தான் அனுப்பியிருப்பாள் என்று திறக்காமலே விட்டிருந்தேன். முதல் நிமிடத்திலேயே, "கறிக்கடையில கழுவ விடாதடி." அப்புறம் அழுகைக் குரலில், "ரெண்டு மாசம் எல்லாமே செத்துப்போச்சு. நீ இதையெல்லாம் எப்பவோ கண்டுபிடிச்சிருப்ப. உன் கைத்திறமைய நெனச்சா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

திருப்பத்தூர் வரும்வரை நான் தலை நிமிரவில்லை.

இதே வேலைக்காகப் போகிறவர்களுக்கு: ஐஸ் பெட்டியும் நூலும் கையோடு கொண்டுபோங்கள், ஞாயிறு என்றால் ஆறு மணிக்கு முன்பே கடையில் நில்லுங்கள், அதற்கு மேல் கூட்டம். கடைக்காரரிடம் முதல் வார்த்தையாகக் கழுவ வேண்டாம் என்று சொல்லுங்கள். தோழிகள் அனுப்பும் வாய்ஸ்களை வந்த அன்றே கேளுங்கள்.

பன்னிரண்டாவது முறை வளர்த்தவை நேற்று தட்டு நிறையப் படர்ந்துவிட்டன. உமையாளுக்குப் படம் அனுப்பினேன். உடனே வாய்ஸ் வந்தது, உடனே கேட்டேன்.

"என்னுதைவிட அழகா இருக்கேடி. போ, பேசாத."

எனக்கு வயிறு குளிர்ந்தது.